34 சதவீதம் சார்ஜ்

2021 ஜனவரி. வேதாரண்யத்துக்குத் தெற்கே, கோடியக்கரையில் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையோரம், ஒரு பனைமரத்தடியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் டவர் எடுக்காதாம்; அந்த மரத்தடியில் இரண்டு கோடு வருமாம். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கணக்குப் பாடம். எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் முதல் வரியில் இடது ஓரம் 10:42, வலது ஓரம் 34% என்று இருந்தது. அதற்குக் கீழேதான் பாடத்தின் தலைப்பு. யாருடைய போனிலோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட் பல கை மாறி அவளிடம் வந்திருக்கிறது. மேலே தெரிந்த மணியையும் பேட்டரி அளவையும் சேர்த்தே பாடமாக எழுதிவிட்டாள். வேடிக்கை என்னவென்றால், அன்றைய பாடமே சதவீதம்தான்.

"இந்த 34, எதுல 34 சதவீதம் பாப்பா?"

"தெரியல மாமா. வந்ததை அப்படியே எழுதச் சொன்னாங்க. சீக்கிரம் எழுதணும். சாயங்காலம் அப்பா கடலுக்குப் போனா போனும் போயிடும்."

இணையவழிக் கல்வியைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ படித்தாகிவிட்டது. ஆனால் பேச்சு எடுக்கும்போதெல்லாம் என் கண்ணில் நிற்பது அந்த 34தான். போன் கையில் இருந்தது, டவர் கிடைத்தது, டேட்டா இருந்தது, பாடமும் வந்து சேர்ந்தது. குழந்தையும் அசராமல் எழுதினாள். இத்தனையும் நடந்தும், "அது பேட்டரிம்மா, அதை எழுதாதே" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் சாத்திய பள்ளிக் கதவு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. பத்தொன்பது மாதத்துக்கு மேல். பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்தவர்கள் 2021 ஜனவரி 19-இல் திரும்பினார்கள். அவர்களுக்குப் பொதுத்தேர்வு இருந்தது. சிறு பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. எழுத்தறிவின் அஸ்திவாரம் போடும் வயது காத்திருக்கலாம், மதிப்பெண் வாங்கும் வயது காத்திருக்கக் கூடாது என்ற கணக்கை அன்று யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றுமே இல்லாமல் அரசு இறங்கியது என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. 2018-இல் புதிய பாடத்திட்டத்தில் வந்த புத்தகங்களில் கியூஆர் கோடு அச்சாகியிருந்தது. போனைக் காட்டினால் அந்தப் பாடத்தின் காணொளி திறக்கும். இதற்கெல்லாம் முன்னே, 2006-க்குப் பிறகு வீடு வீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியும் இருந்தன. இரண்டையும் ஓட்டு வாங்கும் வித்தை என்று கேலி பேசியவர்கள் அநேகம். பள்ளி மூடியபோது, அக்காவுக்கு வந்த மடிக்கணினியில் தம்பி பாடம் பார்த்த வீடுகளை வேதாரண்யம் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

கல்வித் தொலைக்காட்சியின் பலம் அதன் எளிமை. ரீசார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். கேபிள் இருந்தால் போதும். நல்ல ஆசிரியர்கள் தெளிவாக நடத்தினார்கள். பலவீனமும் அதே எளிமைதான். ஏழாம் வகுப்புப் பாடம் அதற்குரிய அரைமணி நேரத்தில் மட்டும் ஓடும். கரண்ட் போனால் போனதுதான். கேள்வி கேட்க முடியாது. கேட்டாலும் தொலைக்காட்சிக்குக் காது இல்லை. இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. 1975-76-இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் பாட நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிப் பார்த்தோம். 'சைட்' என்று பெயர். ஓராண்டு ஓடிய அந்தப் பரிசோதனைக்கும் 2020-க்கும் இடையே திரையின் தரம் எவ்வளவோ கூடிவிட்டது. திரைக்கு முன்னால் உட்காரும் பிள்ளையிடம் யார் பேசுவது என்பதில் மட்டும் பெரிதாக நகரவில்லை.

2021 தொடக்கத்தில் தினமும் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தார்கள், கல்லூரி மாணவர்களுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆன்லைன் வகுப்பை ஒன்று முதல் எட்டு வரை நாளைக்கு 30 முதல் 45 நிமிடமாக இரண்டு அமர்வுக்கு மேல் நடத்த வேண்டாம் என்று மத்திய அரசின் 'பிரக்யதா' வழிகாட்டுதல் 2020 ஜூலையில் சொன்னது. கண் கெடும், உடம்பு கெடும் என்ற நல்ல அக்கறைதான். ஒரே போனை மூன்று பிள்ளைகளும் கடலுக்குப் போகும் அப்பாவும் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் அந்த வரம்பைப் படித்தால் சிரிப்பு வரும்.

கோடியக்கரையின் நாள்கணக்கு அலுவலகத்தின் நாள்கணக்கு அல்ல. படகு எப்போது இறங்கும், எப்போது கரை சேரும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. உப்பளத்து வேலை வெயில் ஏறும் முன் தொடங்கும். பத்து மணிக்கு ஆன்லைன் வகுப்பு என்றால் அந்த நேரத்தில் வீட்டில் போன் இருக்காது, அல்லது பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். நேரலை வகுப்பைவிடப் பதிவு செய்த பாடம் இங்கே நூறு மடங்கு உபயோகம். ராத்திரி அப்பா வந்த பிறகும் பார்க்கலாம். இணையவழிக் கல்வியின் உண்மையான வலிமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் 'லைவ்' எடுத்தால்தான் பாடம் நடத்தியதாகக் கணக்கு என்று பல தனியார் பள்ளிகள் பிடிவாதம் பிடித்தன. வருகைப் பதிவு வேண்டுமே!

மழையும் சேர்ந்துகொள்கிறது. இப்போதெல்லாம் நகரத்துப் பள்ளிகள் சில, 'மழை விடுமுறை, ஆன்லைனில் வகுப்பு உண்டு' என்று செய்தி அனுப்புகின்றன. இங்கே பள்ளியை மூட வைக்கும் அதே மழை முதலில் கரண்டைத்தான் மூடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பகுதி இது. புயலில் நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைத்தாவது படிக்க முடிந்தது. டவர் சாய்ந்தால் காயவைக்க எதுவும் இல்லை.

விளைவு என்ன ஆயிற்று? பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்க 2022-இல் எடுத்த 'அசர்' கணக்கெடுப்பில், ஊரகத் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018-இல் அது 10.2 சதவீதமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் யார் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது: முதல் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் பார்க்காதவர்கள், இரண்டாம் வகுப்பில் பாதியில் உள்ளே வந்தவர்கள். 'அ' எழுதும்போது விரலைப் பிடித்து வளைக்க வேண்டிய வயதில் கையில் கண்ணாடித் திரை. ஆனால் 2018-இன் 10.2-ஐயும் பார்க்க வேண்டும். பள்ளி முழுக்கத் திறந்திருந்தபோதே பத்தில் ஒன்பது பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறினார்கள். எல்லாப் பழியையும் திரையின் தலையில் போட்டால் பழைய வகுப்பறை தப்பித்துவிடும்.

பள்ளி திறக்கும் சமயத்தில் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய மூவரும் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்கிறது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளின் கணக்கு. மிச்சத்துக்குப் பள்ளி திறந்ததே பெரிய மருந்து. இரண்டிலுமே பிள்ளையின் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

2022-இல் அப்படியொரு வகுப்பை ஒரு வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். நடத்தியவர் பட்டப்படிப்பு முடித்து வீட்டில் இருந்த பெண், பிள்ளைகளுக்கு அக்கா. கன அளவு பற்றிய காணொளியைப் போனில் ஓட்டினார். காணொளியில் நீச்சல் குளம் வந்தது. சட்டென்று நிறுத்தினார். "நீச்சல் குளத்தை விடுங்க. உப்புப் பாத்தியை நினைச்சுக்கோங்க. தண்ணி எவ்ளோ ஒசரம் விடுவாங்க?" கணுக்கால், அரைக்கணுக்கால் என்று ஒரே சத்தம். ஒரு பையன் எழுந்து தன் காலில் அளந்தே காட்டினான். பிறகு காணொளியை மீண்டும் ஓட்டினார். கலப்புக் கற்றல் என்று கருத்தரங்குகளில் படம் போட்டு விளக்குகிறார்களே, அது அந்த 'பாஸ்' பொத்தானில் இருந்தது.

திரையே வேண்டாம் என்பவர்கள் டெல்லியில் நடந்த 'மைண்ட்ஸ்பார்க்' ஆய்வையும் பார்க்க வேண்டும். 2019-இல் வெளிவந்தது. பள்ளி நேரத்துக்குப் பிறகு, ஒவ்வொரு பிள்ளையின் நிலையைப் பார்த்து அதற்கேற்ற பாடத்தைக் கொடுக்கும் மென்பொருள்; நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றம். நாற்பது பேர் வகுப்பில் எவ்வளவு நல்ல ஆசிரியருக்கும் கைவராத காரியம் அது. ஆனால் அங்கும் மையத்துக்குப் பிள்ளை நேரில் வந்தது, சிறு குழுவுக்கு ஓர் ஆசிரியர் பாதி நேரம் உட்கார்ந்தார். அதை மறந்துவிட்டு மென்பொருளை மட்டும் வாங்கினால் பாதி மருந்தை வாங்கியதாகும்.

இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை, நடுநிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், ஆசிரியர் கையில் டேப்லெட், 2023-இல் வந்த மணற்கேணி செயலி என்று சாமான் நிறையச் சேர்ந்துவிட்டது. நல்லதுதான். உப்புக் காற்று மூன்று வருடத்தில் எதையும் தின்றுவிடும் ஊரில் பழுது பார்க்க யார் வருவார்கள் என்பது ஒரு கவலை. பெரிய கவலை வேறு. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். மூன்று வகுப்பைத் திரைக்கு முன் உட்கார வைத்துவிட்டு மற்ற இரண்டுக்கு நடத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேறு வழி இல்லை. ஆனால் அந்தத் திரை மூன்றாவது ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், காலிப் பணியிடம் காலியாகத் தெரியாமலே போய்விடும். இதோடு, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் 'எமிஸ்' இணையதள வேலை. வருகை, தேர்வு, உயரம், எடை எல்லாவற்றையும் ஆசிரியரே போனில் ஏற்ற வேண்டியிருந்தது. "சார், நாங்க பிள்ளைங்க முகத்தைப் பாக்குறதைவிட எமிஸைத்தான் அதிகம் பாக்குறோம்" என்றார் ஓர் ஆசிரியை. இணையம் பள்ளிக்குள் வந்ததில் அதிகம் கற்றுக்கொண்டது அலுவலகம்தான் போலிருக்கிறது.

ஆனால் இதே எமிஸ் ஒரு காரியத்துக்கு உதவலாம்: ஊர் மாறிப் போகும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. ஐப்பசி பிறந்தால் கோடியக்கரையில் சீசன். வெளியூர் மீனவர்கள் வந்து கரையோரம் கொட்டகை போட்டுப் பங்குனி வரை தங்குகிறார்கள். சிலர் குடும்பத்தோடு. பாடநூல் மாநிலம் முழுக்க ஒன்றுதான். மணற்கேணியில் காணொளி இருக்கிறது. போனும் கொட்டகைக்குக் கொட்டகை இருக்கிறது. இடம் மாறி இடம் போகும் இந்தப் பிள்ளைகளுக்காகவே செய்தது போன்ற ஏற்பாடு. அவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, சாயங்காலம் 'பாஸ்' பொத்தானை அமுக்க ஓர் அக்கா மட்டும் வேண்டும். போன சீசனில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டேன். "ஆறாவது. அங்க பேர் இருக்கு மாமா" என்றான், வடக்கே ஊர்ப் பக்கம் கையைக் காட்டி.