பார்த்துக்கொண்டே நிற்கும் கண்

மெர்வின் பீக்கின் நாவல்களில் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: அவர் ஓவியர், ஓவியரின் கண்ணால் எழுதினார், அதைப் புரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும். அவருடைய நூற்றாண்டான 2011இல் டைட்டஸ் நாவல்கள் மூன்றும் அவர் வரைந்த கோட்டோவியங்களோடு ஒரே தொகுப்பாக வந்தன. 2020இல் பிரிட்டிஷ் நூலகம் அவருடைய மூல ஓவியங்களை முந்நூறுக்கும் மேல் வாங்கிச் சேர்த்துக்கொண்டது. படமும் எழுத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை, ஒன்றையொன்று வளர்த்தவை என்ற பேச்சு அதன்பின் மறுப்பாரின்றி நிலைத்துவிட்டது. எனக்கு நெடுநாளாகவே இதில் உடன்பாடில்லை. அந்தக் கண் அவருடைய நாவல்களை வளர்க்கவில்லை, முடக்கியது.

பீக்கின் ஆற்றலில் யாருக்கும் ஐயம் வேண்டாம். சீனாவில் மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர், 57 வயதுக்குள் நாவல், கவிதை, நாடகம், சிறுவர் நூல், ஓவியம், புத்தகப் படங்கள் என்று எல்லாவற்றிலும் கைவைத்தார். கார்மென்காஸ்ட் நாவலும் ஒரு கவிதைத் தொகுப்பும் சேர்ந்து ஹைனமன் பரிசு பெற்றன. டோல்கீனின் வழியில் போகாமல், மந்திரமோ தேவதையோ இல்லாத ஒரு மிகைபுனைவுலகைத் தனியாகக் கட்டியவர். இதெல்லாம் உண்மை.

புத்தகப் படங்களில் அவர் இன்னும் உயரத்தில் நிற்கிறார். ஸ்டீவன்சனின் 'டிரெஷர் ஐலண்ட்' நாவலுக்கு அவர் படம் வரைந்து 1949இல் வந்த பதிப்பை எடுத்துப் பாருங்கள். மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் சேர்ந்து ஒரு உடலாகின்றன. சுற்றிலும் பெரும்பாலும் வெறும் வெள்ளைத் தாள். ஸ்டீவன்சன் சொல்லிவிட்டதை அவர் திரும்பச் சொல்வதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தப் பேனாவுக்குத் தெரியும். அடுத்தவர் கதையில் இவ்வளவு அடக்கம் காட்டிய கை, தன் கதை என்று வந்ததும் ஏன் நிறுத்த மறுத்தது?

1946இல் வந்த 'டைட்டஸ் குரோன்' நாவலின் ஒரு பகுதியைச் சொல்கிறேன். கதை நடக்கும் கார்மென்காஸ்ட் கோட்டையில், சமையற்கட்டுப் பையன் ஸ்டியர்பைக் ஓர் அறையில் பூட்டப்பட்டிருக்கிறான். ஜன்னல் வழியே தப்பி, சுவரைப் பற்றி ஏறிக் கோட்டையின் கூரைக்குப் போகிறான். பதினேழு வயது, பசி, தாகம், விழுந்தால் சாவு. அங்கே வானத்துக்குக் கீழே பரந்து கிடக்கும் கல்தளத்தைப் பார்க்கிறான். தொலைவில் ஒரு கோபுரத்தின் உச்சியில் தேங்கிய நீரில் ஒரு வெள்ளைக் குதிரையும் அதன் குட்டியும் நீந்துகின்றன. இருபதாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையில் இதற்கு ஈடான காட்சிகள் அதிகம் இல்லை. ஆனால் அந்தக் குதிரை ஏன் அங்கே இருக்கிறது, அதைப் பார்த்தது பையனுக்குள் என்ன செய்தது என்று கேளுங்கள். பதில் கிடையாது. குதிரையைப் பார்ப்பது ஸ்டியர்பைக் அல்ல, பீக். பையனின் பசியைப் பாதியில் விட்டுவிட்டு ஆசிரியர் வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறார்.

பாத்திரங்களின் கதியும் இதுதான். ஸ்டியர்பைக்குக்கு உயர்ந்த தோளும் செந்நிறக் கண்ணும். மருத்துவர் புரூன்ஸ்குவாலருக்குக் கழுதைப்புலிச் சிரிப்பு. சமையற்காரர் ஸ்வெல்டருக்கு மலைபோன்ற சதை. முதல் முறை பார்க்கும்போது மறக்க முடியாத முகங்கள். இருபதாவது முறையும் அதே தோள், அதே சிரிப்பு. ஒரே பக்கத்தில் முடியும் படத்துக்கு அந்த ஒற்றை அடையாளம் போதும். நூற்றுக்கணக்கான பக்கம் நடக்க வேண்டிய மனிதனுக்கு அது விலங்கு. பணியாள் ஃப்ளே அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் முழங்கால் சொடுக்குகிறது. ஒருமுறை சத்தம் வெளியே கேட்காமலிருக்க அவர் முழங்கால்களில் துணியைச் சுற்றிக்கொள்கிறார். அந்த ஒரு செயலில் வெறும் அடையாளமாக இருந்தது அச்சமாகவும் விசுவாசமாகவும் மாறுகிறது, ஆள் உயிர்பெறுகிறார். மற்றவர்களுக்கும் இதைச் செய்ய பீக்கால் முடிந்திருக்கும். செய்யவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

கோட்டைச் சுவருக்கு வெளியே வாழும் குடிசைவாசிகளை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். ஆண்டு முழுக்க மரச்சிற்பம் செதுக்குகிறார்கள். ஆண்டுக்கொரு நாள் கோட்டையின் பிரபு மூன்றைத் தேர்ந்தெடுக்கிறார், மற்றவை எரிக்கப்படுகின்றன. தேர்வானவை மேல்மாடத்தில், தூசு தட்டும் ஒரே ஒரு காவலாளியைத் தவிர வேறு யாரும் பார்க்காமல் கிடக்கின்றன. கலை, அதிகாரம், பட்டினி மூன்றும் கைகோக்கும் இடம் இது. ஒரு நாவலாசிரியர் இங்கே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். பீக் அந்தச் சிற்பங்களின் நிறத்தை எழுதுகிறார். எரிவதைப் பார்க்கும் ஒரு சிற்பியின் மனசுக்குள் அவர் போவதில்லை.

'டைட்டஸ் குரோன்' கைப்பிரதியைப் படித்த நாவலாசிரியர் கிரகாம் கிரீன் ஏமாற்றமடைந்து, சொற்பெருக்கைக் குறைக்கும்படி கடுமையாகவே எழுதினார். பீக் திருத்தினார். ஆனால் குறை சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. பார்ப்பதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் மனநிலையில் இருந்தது. அதைக் கத்தரிக்க முடியாது.

பீக்குக்கே இது உறுத்தியிருக்கிறது. 1945இல் ஒரு பத்திரிகைக்காக ஓவியராகப் பெல்சன் வதைமுகாமுக்குப் போனார். காசநோயில் செத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வரைந்தார். பிறகு எழுதிய கவிதையில், அந்த நிலையிலும் அவளை ஓர் ஓவியப் பொருளாகப் பார்த்த தன் கண்ணைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அவருடைய ஆதரவாளர்கள் இந்தக் கவிதையை அவருடைய மனிதநேயத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். நான் அதை வாக்குமூலமாகவே படிக்கிறேன். அவர் சுமத்திய குற்றத்தை நாம் ஏன் புகழுரையாக்க வேண்டும்?

அவருடைய பாத்திரங்களில் டைட்டஸின் அக்கா ஃபூஷியா ஒருத்திதான் விதிவிலக்கு. அவள் வளர்கிறாள், ஏமாறுகிறாள், வெள்ளம் சூழ்ந்த ஜன்னல் விளிம்பில் கதவு தட்டும் சத்தத்தில் திடுக்கிட்டு விழுந்து சாகிறாள். அந்தச் சாவு வலிக்கிறது. ஏனென்றால் அதற்கு முன் அவளோடு நாம் வாழ்ந்திருக்கிறோம்.

1959இல் வந்த 'டைட்டஸ் அலோன்' பீக்கின் நோயின் விளைவு, சிதறிய நூல் என்று தள்ளிவைப்பது வழக்கம். நோய் உண்மைதான், சிதறலும் உண்மைதான். ஆனால் அந்நூலில் அத்தியாயங்கள் சிறியவை, ஆட்கள் நகர்கிறார்கள், முகாமிலிருந்து மீண்ட பிளாக் ரோஸ் என்ற பெண்ணுக்குப் பெயரும் கடந்தகாலமும் கிடைக்கின்றன. பெல்சனில் வரைந்தவளுக்குச் செய்யாததை இவளுக்குச் செய்யப் பார்த்தார். சில பக்கங்களிலேயே அவளும் இறந்துவிடுகிறாள். அதற்குமேல் எழுத அவர் உடல் இடம் கொடுக்கவில்லை. முதல் இரண்டு நூல்களின் படாடோபத்தைக் கொண்டாடிவிட்டு இந்த மூன்றாவதை மன்னிக்கும் தொனியில் பேசுகிறவர்கள், அவர் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார் என்பதையே கவனிக்கவில்லை.