சேறு இல்லாத போர்க்களம்

நவராத்திரி நாட்களில் தஞ்சை வட்டாரத்து வீடுகளில், கொலுப்படிக்குக் கீழே 'பார்க்' கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் குளம்; மண்ணில் கேழ்வரகு தூவி முளைக்கவிட்டால் வயல். குளக்கரையில் பிளாஸ்டிக் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பான். அவனைப்போல் மூன்று மடங்கு பருமனில் செட்டியார் பொம்மை மளிகைக் கடை விரித்து உட்கார்ந்திருக்கும். யாரும் குறை சொல்வதில்லை. சொல்லவும் கூடாது, அது கொலு.

அதே சிப்பாயைப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைத்து, 'அசல் உத்தர், செப்டம்பர் 1965' என்று அட்டை எழுதி ஒட்டிவிட்டால், பார்ப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. தஞ்சையில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மூவர் செய்தது. இரண்டடிப் பலகை, அதன்மேல் மூன்று பாட்டன் டாங்கிகள், பதினைந்து வீரர்கள். இப்படி ஒரு நிகழ்ச்சியைச் சிறு அளவில், நிலத்தோடு சேர்த்துக் காட்டும் மாதிரிக்கு டயோரமா என்று பெயர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாங்கிகளை மாணவர்கள் அருமையாகச் செய்திருந்தார்கள். ஒட்டிய தடம் தெரியவில்லை. புகைபோக்கியைச் சுற்றிக் கரி படிந்ததுபோல் பொடி பூசியிருந்தார்கள். இரும்புத் தகட்டின் விளிம்புகளில் வண்ணம் தேய்ந்து உலோகம் தெரிவதைக்கூட விட்டுவிடவில்லை. ஆனால் அந்த மூன்று டாங்கிகளும் வெளிர்மஞ்சள் மணலில் நின்றன! ஒரு புல் இல்லை, ஒரு சொட்டு நீர் இல்லை.

அசல் உத்தர் பாலைவனத்தில் இல்லை. பஞ்சாபில், கேம்கரன் பக்கத்தில், கால்வாய்ப் பாசனம் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை அங்கே நடந்த போரில் இந்தியப் படை கால்வாயை உடைத்து வயல்களில் நீரைப் பாய்ச்சியது. முன்னேறி வந்த பாட்டன்கள் சேற்றில் வேகம் இழந்தன. சில அப்படியே புதைந்தன. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற கரும்புக்குள் நம் டாங்கிகளும் பீரங்கிகளும் மறைந்து நின்று சுட்டன. தண்ணீரும் கரும்பும் பாதி வேலையைச் செய்த போர் அது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் எதிரி ஏன் தோற்றான் என்பதற்கு மாதிரியில் விடையே இல்லை. மடை திறந்து நீர் பாய்ச்சத் தெரிந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தவறியது? விசாரித்தேன். பெட்டியின் மேல் இருந்த படத்தில் மணல் இருந்ததாம்.

அடுத்தது அளவு. இந்த டாங்கிகள் 35-இல் 1 என்ற விகிதத்தில் செய்யப்பட்டவை. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு டாங்கி மாதிரிக்குள் மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டும் என்று பார்த்தபோது வந்து விழுந்த எண் இது என்பார்கள். பின்னர் அதுவே உலக வழக்காகிவிட்டது. இந்த விகிதத்தில் 170 சென்டிமீட்டர் மனிதன் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பான். ஒரு மீட்டர் நெற்பயிர் 3 சென்டிமீட்டரைத் தொடாது. ஓரடி உயர வரப்பு ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. கொலுவில் பத்து சென்டிமீட்டர் வளர்ந்த கேழ்வரகு நாற்றை இந்தச் சிப்பாய்களின் பக்கத்தில் வைத்தால் அது மூன்றரை மீட்டர் காடு! கரும்புக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

இனிச் சொல்வதுதான் எனக்குச் சுவையாகப்படுவது. நீளத்தை 35-இல் ஒரு பங்காக்கினால் பரப்பு 1,225-இல் ஒரு பங்காகிறது. கன அளவும் எடையும் 42,875-இல் ஒரு பங்காகின்றன. பாட்டன் டாங்கியின் எடை ஏறத்தாழ 45 டன். அதே உலோகத்தில் அணு பிசகாமல் சுருக்கினாலும் மாதிரியின் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். உண்மை டாங்கி தன் சங்கிலித் தடத்தின் கீழே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 800 கிராம் எடையோடு அழுத்துகிறது. சுருக்கிய டாங்கி அழுத்துவது 23 கிராம்தான். எனவே அசல் வயல் சேற்றையே கொண்டுவந்து கொட்டினாலும் மாதிரி அதில் புதையாது; தெப்பம்போல் மேலேயே உட்கார்ந்திருக்கும். இயற்கை செய்ய மறுப்பதை நாம்தான் கையால் அமிழ்த்திக் காட்ட வேண்டும்.

தண்ணீரும் அப்படியே பிடிவாதக்காரன். மாதிரி வயலில் நிஜத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வரப்போரத்தில் அது பரப்பிழுவிசையால் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறி வளைந்து நிற்கும். அந்த விகிதத்தில் அது ஏழு சென்டிமீட்டர். எந்த வயலிலும் தண்ணீர் அப்படிக் கரையேறி நிற்பதில்லை. ஆகவே நிறமற்ற வார்னிஷை மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூசுவதே வழி.

நெல்வயலில் டாங்கியைக் காட்ட ஆசைப்படும் காவிரிப் படுகை மாணவருக்கு நான் வேறொரு போரைச் சொல்வேன். 1971 நவம்பர் 20, 21 தேதிகளில், இன்றைய வங்கதேசத்தின் கரீப்பூரில் நடந்தது. அதுவும் நம்முடையதைப்போல ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல் பூமி. நெல் விளையும் மண். இந்தியாவின் 45-ஆம் குதிரைப்படைப் பிரிவு 14 பி.டி.-76 டாங்கிகளோடு அங்கே சென்றது. பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகள் காலை மூடுபனியில் தாக்கின. பி.டி.-76 நீரில் மிதக்கும் வண்டி. காலி நெய் டின்னைப்போல மிதப்பதால் நம் வீரர்கள் அதைப் 'பிப்பா' என்று அழைத்தார்கள். எடை 14 டன் சொச்சம். தடத்தின் கீழே சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அளவே அழுத்தம். ஒற்றைக் காலை ஊன்றி நடக்கும் மனிதன் மண்ணை அழுத்துவதும் ஏறத்தாழ இதேதான்! உழவர் நடக்கக்கூடிய வயலில் இது போகும் என்பதற்கு இந்த எண்ணே காரணம். அதற்கு விலை மெல்லிய கவசம். இதைக் காட்ட, மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் அகலச் சங்கிலித் தடம் ஆழமில்லாமல் பதிந்தால் போதும். பக்கத்தில் ஒரு காலடித் தடமும் அதே ஆழத்தில் இருந்தால் பார்ப்பவருக்குத் தானே விளங்கும்.

மனிதர்களைப் பற்றியும் ஒரு சொல். கண்காட்சியில் பதினைந்து பேரும் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். கரும்பு யாருடையது, உடைத்த கால்வாயில் நீர் எடுத்தவர் யார் என்று கேட்க அங்கே ஆளில்லை. கொலுவில் செட்டியாராவது இருந்தார்!

பொம்மைகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் சிறு விஷயமென்று நினைக்காதீர்கள். நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் நம் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. அந்த வீழ்ச்சியை முடித்துவைத்த வாட்டர்லூ போருக்கு வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கில அதிகாரி ஒரு பெரிய மாதிரி செய்தார். 1830-இல் போர்க்களத்திலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி அவரவர் நின்ற இடத்தைக் கேட்டார். ஏறத்தாழ 75,000 ஈயப் பொம்மைகளோடு அது 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. பிரஷ்யப் படையை அது அதிகமாகக் காட்டுகிறது என்பது தளபதி வெலிங்டனின் மனக்குறை. வெற்றியில் பங்கு யாருக்கு என்ற சண்டை அது. பின்னால் சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளில் பலவற்றைப் பிடுங்கி எடுத்தார். நிலத்தை அவ்வளவு நேர்மையாக அளந்தவரே, ஆட்களின் விஷயத்தில் இடறினார். மாதிரி இன்றும் லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் மாணவர்களிடம் திரும்புவோம். அவர்களுக்கு நான் சொன்னது இவ்வளவே: வயல் களிமண்ணைக் காயவைத்து இடித்துத் துணியில் சலித்து, மரத்தூளும் பசையும் கலந்து பிசையுங்கள். வெறும் களிமண் காய்ந்தால் வெடிக்கும். இரண்டு மில்லிமீட்டர் வெடிப்பு இந்த அளவில் ஏழு சென்டிமீட்டர். கோடை வயலென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம், நம் ஊர்க் களிமண் நிஜமாகவே அப்படி வெடிக்கும். நீர் பாய்ந்த வயலுக்கு ஆகாது. கரும்புக்கு விளக்குமாற்று ஈர்க்கு, எட்டரை சென்டிமீட்டர். மண் ஈரமாயிருக்கும்போதே டாங்கியை அழுத்துங்கள். அமிழாவிட்டால் அடிப்பாகத்தைச் சற்று அறுத்துவிட்டு உட்கார வையுங்கள்.

மூவரில் சிறியவன் திடுக்கிட்டுவிட்டான். "இவ்வளவு காசு போட்டு வாங்கின டாங்கி சார், அறுத்துச் சேத்துல புதைக்கச் சொல்றீங்களே?" என்றான்.

"சக்கரத்தில் பாதி வரைக்கும்" என்றேன்.