விருந்தும் புலனும்: ‘தெருக்குரல்’ கேட்போர் பற்றிய ஒரு திறனாய்வு

அறிவு என்னும் இளங்கவிஞர் எழுதிப் பாட, ஆஃப்ரோ என்பார் இசையமைக்க, 2019ஆம் ஆண்டு வெளிவந்தது ‘தெருக்குரல்’ என்னும் இசைத்தொகுப்பு. திருக்குறள் என்னும் பெயரின் ஒலியை நினைப்பூட்டி, அதே வேளையில் தெருவினின்று எழும் குரல் எனத் தன்னை அறிவித்துக்கொள்ளும் அதன் பெயரே கேட்போரை முதற்கண் ஈர்த்தது. ராப் எனப்படும் சொல்லிசையும், மின்னிசையும், நாட்டுப்புறப் பாடல்களின் நடையும் அதன்கண் விரவி வருகின்றன. அத்தொகுப்பின் இசையிலக்கணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனைக் கேட்போர் கொள்ளும் உவகை எத்தகையது, அவ்வுவகை எதுவரை செல்கின்றது என்பனவே ஈண்டு ஆய்பொருளாம்.

சொல்லிசையின் வரலாற்றை முன்னர்ச் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1973ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க் மாநகரின் பிராங்ஸ் பகுதியில், வறுமையுற்ற கறுப்பின இளைஞரும் கரீபியத் தீவுகளினின்று குடியேறியோரும் வளர்த்த கலை ஹிப்-ஹாப். பின்னர் 1980களின் இறுதியில், அதன் வழக்கமான போக்கினின்று விலகிப் பிற இசைவகைகளையும் தன்னுட் சேர்த்துக்கொள்ளும் மாற்று மரபொன்று கிளைத்தது. 1989இல் வெளிவந்த டி லா சோல் குழுவினரின் முதல் தொகுப்பினை அதற்குச் சான்றாகக் காட்டுவர். தமிழில் இக்கலை மலேசியாவில் வேரூன்றியது. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் ஹிப்ஹாப் தமிழா குழுவினரின் தொகுப்பு 2012இல் தோன்றியது. 2018 சனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் கானாவையும் பறையையும் ராக்கையும் சொல்லிசையையும் ஒருங்கிணைத்தனர். அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தினின்று தம் பெயரைப் பெற்ற அக்குழுவிற் பாடியவருள் அறிவும் ஒருவர். ‘தெருக்குரல்’ அவ்வழியில் எழுந்ததாகும்.

புதிய யாப்பு வகை தோன்றுதல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த எண்வகை வனப்பினுள் ‘விருந்து’ என்பதும் ஒன்று. முன்னோர் பாடாத புதிய முறையில் யாக்கப்பெறுவது அது. மற்றொன்று ‘புலன்’. மக்கள் தம் குடியிருப்புகளில் வழங்கும் சேரிமொழியால் அமைந்து, ஆராய்ந்து தேடவேண்டாது பொருள் விளங்குவது அது என்பர். ‘தெருக்குரல்’ யாப்பால் விருந்து, மொழியால் புலன். இவ்விரண்டும் ஓரிடத்துக் கூடும்போது கேட்போர்க்கு நேர்வதென்ன என்பதைத் தருமபுரி மாவட்டத்தில் யாம் கண்டவற்றைக் கொண்டு ஆராய்வாம்.

தருமபுரியை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. இது பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நிலம். ஔவையார் பாடித் திரிந்த நாடு. வீரர்க்கு எடுத்த நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதி. அவற்றுட் பல தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ளன. திரௌபதியம்மன் விழாக்களில் இரவு முழுதும் பாரதக்கூத்து நிகழும் ஊர்கள் இன்றும் இங்குள்ளன. இறந்தார் வீட்டில் ஒப்பாரியும் பறையும் ஒலிக்கின்றன. எனவே, கலப்பிசை எனப் பிறர் கூறும் ஒன்றன் உறுப்புகள் இம்மண்ணின் செவிக்குப் பழக்கமானவையே.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் முதலிய பகுதிகளினின்று கல்விபெற வரும் மாணவர் சிலரோடு இத்தொகுப்பைக் கேட்டும், அதுபற்றி உரையாடியும் வந்தோம். எண்ணிக்கை காட்டி முடிவுகூறும் கணக்கெடுப்பன்று அது. எனினும் கேட்போர் உவகையில் மூவகை நிலைகளை அவ்வுரையாடல் எமக்குப் புலப்படுத்தியது.

முதல் நிலையினர் தாளத்தின் வழிச் செல்வோர். பேருந்தில் செவியொலிப்பானை மாட்டிக்கொண்டு, விரைந்தோடும் அடிகளை மூச்சு விடாது உடன் ஒப்பிப்பர். பொருள் யாதென வினவின் சிறிது தயங்குவர். இதனை இகழ்தல் பொருந்தாது. தொல்காப்பியர் இருபது வண்ணம் கூறுமிடத்து முடுகு வண்ணத்தையும் கூறினார். திருப்புகழைப் பாடும் சிறுவனும் முதலிற் சந்தத்தையே பற்றுகின்றான். பொருள் பின்னரே அவனைப் பற்றுகின்றது.

இரண்டாம் நிலையினர் நினைவின் வழிச் செல்வோர். “எங்கள் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் பேசுவது போல இருக்கிறது” என்றார் ஒரு மாணவர். நூல் பல கற்றோரும் காணாத ஒப்புமை அது. கட்டியங்காரன் அரசவையில் நின்றே அரசனை எள்ளுவான். பாரதக் கதையின் நடுவே ஊர்நடப்பை இழுப்பான். வழக்குமொழியில், தாளம் தவறாது, உரைக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட நடையிற் பேசுவான். சொல்லிசைக்குத் தமிழில் உறவு தேடுவோர் சந்தப் பாக்களுக்குச் செல்லுமுன் இக்கூத்துக்களத்திற்குச் செல்லுதல் நன்று.

மூன்றாம் நிலையினர் சொல்லின் வழிச் செல்வோர். இவர் தொகையாற் சிலர். இவர்தம் உவகை ஆரவாரமற்றது. “இதில் எங்கள் வீட்டுப் பேச்சு இருக்கிறது, யாரும் அதைத் திருத்தவில்லை” என்றார் அவருள் ஒருவர். வகுப்பறையிற் பிழையென அடிக்கப்பட்ட சொல், பாட்டில் அரங்கேறக் கண்ட மகிழ்ச்சி அது. புலன் என்னும் வனப்பின் பயன் இதுவே போலும்.

இத்தொகுப்பின் இரண்டு பாடல்களைக் கொண்டு இதனை மேலும் விளக்கலாம். ‘ஆன்டி இந்தியன்’ என்னும் பாடல், மாற்றுக்கருத்து உரைப்பாரை வசைபாட வழங்கும் தொடரையே தன் தலைப்பாக ஏற்றுக்கொண்டது. பகைவர் சொல்லையே படைக்கலமாக்கும் இம்முறை தகடூர்க்குப் பழமையானது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் மாலையணிந்து நெய்பூசிக் காவலில் இருத்தலைப் புகழ்ந்து, அஞ்சியின் வேல்களோ போரில் முனைசிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றார். புகழ்போலத் தோன்றிய சொல் இகழாயிற்று. இகழ்போலத் தோன்றிய சொல் புகழாயிற்று. மற்றொரு பாடல், 2018 மே 22ஆம் நாள் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஓர் இளம்பெண்ணின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. இது கையறுநிலை. இறந்தாரின் பெயரை மறவாது நிறுத்துதலே நடுகல்லின் தொழில். ஈண்டு அத்தொழிலைப் பாட்டு மேற்கொள்கின்றது.

இனி, இவ்வுவகைக்கு எதிராகக் கூறப்படும் இரு கருத்துகளை நோக்குவாம். மேலைநாட்டு இரவல் இது, கொச்சை மொழியால் தமிழைக் கெடுக்கின்றது என்பர் சிலர். புலனை வனப்பென வகுத்த இலக்கணம் நம்முடையது என்பதே அவர்க்கு விடை. வேறு சிலர், இவையெல்லாம் நம் பழநூல்களில் முன்னரே உள்ளன என்று கூறி மகிழ்வர். இக்கூற்று முன்னதினும் நுட்பமான தவறு. யாமும் மேலே அவ்வழியிற் சென்றோம் ஆதலின் எம்மையும் உட்படுத்தியே இதனைக் கூறுகின்றோம். பழமையோடு ஒப்பிடுதல் பாட்டை விளக்கவேண்டும். பாட்டு எழுப்பும் வினாவினின்று நாம் தப்பிச்செல்லும் வாயிலாக அஃது அமைதல் கூடாது.

அவ்வினா யாது? கலப்பு என்னும் சொல்லில் அது மறைந்துள்ளது. இத்தொகுப்பைப் புகழ்வோர் அனைவரும் முதலிற் புகழ்வது அதன் கலப்பையே. இசைவகைகள் எல்லை கடந்து கூடுதலை அவர் முற்போக்கென்பர். ஆயின் இசைவகைகள் தாமே பிறந்தனவல்ல. ஒப்பாரி பாடும் தாயர் ஒரு தெருவினர். பறை முழக்குவோர் ஒரு தெருவினர். கேட்போருட் பலர் வேறொரு தெருவினர். இம்மாவட்டத்தில், சாதி கடந்த ஒரு திருமணத்தை அடுத்து மூண்ட கலவரத்தில், 2012 நவம்பர் 7ஆம் நாள் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்குதலுக்கும் தீக்கும் இரையாயின. இசை கலத்தலை இன்பமெனக் கொண்ட செவியுடையார், மாந்தர் கலத்தலை எங்ஙனம் கொள்கின்றனர்? இதுவே ‘தெருக்குரல்’ கேட்போரை நோக்கி எழுப்பும் வினா.

இத்தொகுப்பில் மிக்க ஆர்வமுடைய மாணவர் ஒருவர் அறிவின் பாடல்களுட் பலவற்றை மனப்பாடமாகக் கூறினார். அவர் ஊரில் இறப்பு நிகழுங்கால் பறை முழக்குபவர் பெயர் யாதென வினவினோம். அவர் அறியார். அம்முதியவர் எவ்விடத்தில் நின்று முழக்குவார், அவர்க்கு எக்கலத்தில் நீர் தருவர் என்பனவற்றை அறிவார். பெயரை மட்டும் அறியார். நெடிது வாளாவிருந்து, “கேட்டதில்லை ஐயா” என்றார். மறுவாரம் தாமே வந்து பெயரைக் கூறினார். இதனை யாம் பெருமாற்றம் எனக் கூறவில்லை. தாளத்தின் வழி வந்த ஒருவர் சொல்லின் வழிக்கு ஓரடி எடுத்துவைத்தார் என்ற அளவில் நிற்கின்றோம்.

பெயர் மறைதல் சிற்றூரில் மட்டும் நிகழ்வதன்று. அறிவு எழுதி, பாடகி தீயோடு இணைந்து பாடி, சந்தோஷ் நாராயணனின் இசை உருவாக்கத்தில் 2021 மார்ச் 7ஆம் நாள் வெளிவந்த ‘என்ஜாய் என்ஜாமி’ உலகெங்கும் பல கோடி முறை கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியாரின் நினைவு அதன் உயிர். அவ்வாண்டு ஆகஸ்டில், அப்பாடலின் புகழையொட்டி வெளிவந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் உருவம் இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்த பின்னர் அவரை முகப்பிற்கொண்ட மின்னட்டையொன்று வெளியாயிற்று. பாட்டு உலகெலாம் செல்ல, பாடியவர் வாயிலில் நிற்க நேர்தல் எளிதென்பதற்கு இது சான்று. பரிசில் நீட்டித்தபோது அதியமான் வாயிற்காவலனை விளித்து, கலைவல்லார்க்கு எத்திசைச் செல்லினும் சோறு உண்டு என்று ஔவையார் பாடியதும் இத்தகையதொரு வாயிலில் நின்றேயாம்.

விருந்து என்னும் சொற்கு இலக்கணத்தில் ஒரு பொருளும் இல்லத்தில் ஒரு பொருளும் உண்டு. வந்தவரைத் திண்ணையில் இருத்தி, அவர் கொணர்ந்ததை மட்டும் உள்ளே எடுத்துச் செல்லுதல் விருந்தோம்பல் ஆகாது. ‘தெருக்குரல்’ கேட்போர் கொள்ளும் உவகை மெய்யானது. அதனைப் போலியெனத் தள்ளுதற்கு எமக்கு உரிமையில்லை. ஆயின் அவ்வுவகை தாளத்தில் தொடங்கி, நினைவில் வளர்ந்து, சொல்லைச் சேர்ந்து, சொல்லுக்குரிய மாந்தரைச் சேர்தல் வேண்டும். அவ்விடத்தை அடைந்த செவியே முழுதும் கேட்ட செவியாம். அதுவரை புதுமையை வியந்த செவியே அன்றிப் புலனை உணர்ந்த செவி ஆகாது என்பது எம் துணிபு.