சால்னாவுக்கு ஒரு நற்சான்றிதழ்

ராதாபுரம் பக்கம் பரோட்டாக் கடைகளில் இப்போது புதிதாக ஒரு வாதம் காதில் விழுகிறது. "ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி, சால்னாவுல மஞ்சள், மிளகு, கிராம்பு எல்லாம் கெடக்குல்லா? பூரா ஆன்டிஆக்சிடன்ட்!" இலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா ஊறுவதற்குள் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. படித்தவர்கள் இதையே வைட்டமின் மாத்திரையை வைத்துச் சொல்கிறார்கள்.

வாதத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. 1997-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வோகல், கொரெட்டி, பிளாட்னிக் மூவரும் ஆரோக்கியமான பத்துப் பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள துரித உணவைக் கொடுத்தார்கள். கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, அவிழ்த்ததும் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு முன் 21 சதவீதம் விரிந்தது, சில மணி நேரத்தில் 11 சதவீதம்தான் விரிந்தது. அதே ஆண்டு 20 பேரிடம் செய்த இன்னொரு சோதனையில், முன்கூட்டியே 1 கிராம் வைட்டமின் சி-யும் 800 யூனிட் இ-யும் விழுங்கியவர்களுக்கு அந்தச் சரிவே இல்லை. நல்ல சோதனைதான். ரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து தன்னைத் தளர்த்திக்கொள்வதையும், ஒருவேளைச் சாப்பாடே அதைத் தடுமாற வைப்பதையும் கண்ணுக்குக் காட்டியது. மசாலாவுக்கும் 2011-இல் பென்சில்வேனியாவிலிருந்து ஆதாரம் வந்தது: 14 கிராம் மசாலா சேர்த்த சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 31 சதவீதம் குறைவு. சாப்பிட்டவர்கள் ஆறே பேர். ஒரு ஆளுக்கு 14 கிராம் மசாலா போடுகிற சால்னாவை நான் பார்த்ததில்லை.

ஆனால் மேரிலாந்தில் அளந்தது கைத் தமனியை, பென்சில்வேனியாவில் ரத்தக் கொழுப்பை, அதுவும் சில மணி நேரத்துக்கு. மாரடைப்பை அல்ல. மாரடைப்பை அளந்தவர்கள் வேறு. 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வைட்டமின் இ-யைச் சோதித்தார்கள், பலன் இல்லை. 2002-இல் பிரிட்டனில் 20,536 பேர், ஐந்தாண்டு. இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் விழுங்கியவர்களின் ரத்தத்தில் வைட்டமின் ஏறியது. மாரடைப்பும் குறையவில்லை, சாவும் குறையவில்லை. பின்லாந்தில் பீட்டா கரோட்டின் விழுங்கிய புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்று கூடியது, 1994-லேயே தெரிந்த செய்தி. இவ்வளவுக்குப் பிறகும் அந்த இருபது பேரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிக்கொண்டிருப்பது அறிவியல் அல்ல, ஆசை.

தமனி விரிவு என்ற அளவுகோலும் நிலையானதல்ல. பட்டையை முழங்கைக்கு மேலே கட்டினால் ஒரு எண், கீழே கட்டினால் வேறு எண். மேரிலாந்தில் 21-இல் தொடங்கிய கணக்கு, 1999-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில் சுமார் 6-இல் தொடங்கியது. அந்த ஆய்வைத்தான் நம் கடைக்காரர்கள் சுவரில் ஒட்ட வேண்டும். உணவகத்தில் பலமுறை காய்ச்சிய பழைய கொழுப்பில் செய்ததைச் சாப்பிட்டவர்களுக்கு விரிவு ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. புதுக் கொழுப்பில் அந்தச் சரிவு இல்லை. இதுவும் சிறிய சோதனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இது கேட்ட கேள்வி சரியான கேள்வி. மேலே எதைத் தூவுவது என்று கேட்கவில்லை, சட்டியில் என்ன கொதிக்கிறது என்று கேட்டது.

இங்கே அதற்குச் சட்டமே உண்டு. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. கறுத்து, ஓரத்தில் நுரை கட்டி நிற்கும் நேற்றைய மிச்சத்தின் மேலேயே இன்றைய பாக்கெட்டை வெட்டி ஊற்றிச் சிக்கன் பொரிக்கும் இடத்தில் அந்த 25-ஐ யார் பார்க்கிறார்கள்?