கொள்ளைநோயும் இறையருளும்: இப்னு ஹஜரின் நூல் பற்றி ஒரு நோக்கு

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குச் சென்று, "இதுவும் அல்லாஹ்வின் ரஹ்மத்துதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவது நம் சமுதாயத்தில் வழக்கமாகிவிட்டது. சொல்பவரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அச்சொல்லுக்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லாமலும் இல்லை. ஆயினும் அதனைச் சொல்லும் உரிமை எவருக்கு உண்டு என்ற வினா நம்மில் பலருக்கு எழுவதில்லை. இவ்வினாவை மனத்திற் கொண்டு, ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட ஓர் அரபு நூலை ஈண்டு நோக்க விழைகிறோம்.

நூலின் பெயர் ‘பத்லுல் மாஊன் ஃபீ ஃபழ்லித் தாஊன்’. ஆசிரியர், ‘ஃபத்ஹுல் பாரீ’ என்னும் புகாரீ விரிவுரையால் உலகறிந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்). ஹிஜ்ரி 773இல் பிறந்து 852இல் (கி.பி. 1449) மறைந்தவர். ஹிஜ்ரி 819இல் காஹிரா நகரில் தாஊன் எனும் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய புதல்வியர் ஃபாத்திமாவும் ஆலியாவும் மாண்டனர். அவ்வாண்டில் தொடங்கிய நூல் இடையில் நின்றுபோயிற்று. 833இல் (கி.பி. 1430) மீண்டும் தாஊன். இம்முறை மூத்த மகள் ஸைன் காத்தூன், கருவுற்றிருந்த நிலையில் உயிர் நீத்தார். நூல் நிறைவுற்றதும் அவ்வாண்டிலேதான்.

மூன்று பெண்மக்களை இழந்த தந்தையின் நூல் என்று கையில் எடுப்போர் சற்றே ஏமாறுவர். இது புலம்பல் நூலன்று. ஐந்து பகுதிகளாக, தாஊனின் தொடக்கம், அதன் இலக்கணம், அதில் மாண்டோர்க்குரிய ஷஹாதத், நோய் கண்ட ஊருக்குள் செல்வதும் அதனை விட்டு வெளியேறுவதும் பற்றிய சட்டம், நோய் வந்தபின் செய்யத்தக்கவை என்று ஹதீஸ் கலையின் நிதானத்தோடு நடக்கிறது. முதன்முறை ஓதியபோது இந்நடை நமக்கு வறட்சியாகவே பட்டது. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்னுல் வர்தீயின் ‘ரிஸாலத்துன் நபஃ அனில் வபஃ’ ஊர் ஊராக நோய் நடந்து வருவதை எதுகையும் சொல்விளையாட்டுமாகத் தீட்டுகிறது. இளமையில் அதனையே வியந்தோம். பிறகு எத்தனையோ ஜனாஸாக்களின் பின்னால் நடந்த கால்கள் நம்முடையவை. இன்று அந்த எதுகைகள் செவிக்கு உறுத்துகின்றன. அவரும் 749இல் ஹலப் நகரில் அதே நோய்க்கு இரையானவர் என்பதால் குறைகூற மட்டும் நா எழவில்லை.

நூலின் உயிர்நிலை, அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. தாஊன் முன்னர் வேதனையாக அனுப்பப்பட்டது, முஃமின்களுக்கு அல்லாஹ் அதனை ரஹ்மத்தாக ஆக்கினான் என்பது அதன் கருத்து. நம்மவர் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. ஹதீஸோ நிற்கவில்லை. தன் ஊரிலேயே தங்கி, பொறுத்து, நற்கூலியை நாடி, விதித்ததன்றி வேறொன்றும் தன்னை அணுகாது என்று உணர்ந்திருப்பவனுக்கே ஷஹீதின் கூலி என்று அது தொடர்கிறது. இமாமவர்கள் இந்நிபந்தனைகளைக் கைவிடாமல் பற்றிக்கொள்கிறார்கள். இவை யாவும் துன்பத்திற்குள் இருப்பவனைப் பற்றியவை. ஆகவே ரஹ்மத்து என்பது உள்ளே இருப்பவன் கண்டு சொல்லத்தக்கது. வெளியே நிற்பவன் கையில் அதே சொல் வேறு பொருளாகிவிடும் என்று நாம் கருதுகிறோம்.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாம் நாட்டில் நேர்ந்த அம்வாஸ் தாஊன் இதற்குச் சான்று. படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அதனை ரஹ்மத்து என்று கூறித் தமக்கும் அதில் பங்கு வேண்டினார்கள், மாண்டார்கள். அடுத்து முஆத் இப்னு ஜபல் (ரலி) அவ்வாறே கூறித் தம் குடும்பத்துக்கும் பங்கு வேண்டினார்கள். மகன் மாண்டார், பின் தாமும் மாண்டார்கள். மூன்றாவதாகப் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி), இந்நோய் நெருப்பைப் போல் பற்றிக்கொள்கிறது, மலைகளுக்குச் சென்றுவிடுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். ஒருவர் அவர்களைக் கடிந்து பேசினார். அம்ரு (ரலி) மறுவாதம் செய்யாமல் மக்களை அழைத்துக்கொண்டு போனார்கள், நோயும் நீங்கிற்று. செய்தி கேட்ட கலீஃபா உமர் (ரலி) அதனை வெறுக்கவில்லை. (இதனை அறிவிக்கும் ஷஹ்ரு இப்னு ஹவ்ஷப், உண்மையாளர் எனினும் தடுமாற்றம் மிக்கவர் என்று இப்னு ஹஜரே வேறோரிடத்தில் குறித்திருப்பதையும் மறைக்கலாகாது.) ரஹ்மத்து என்றவர்கள் தம் உயிரையும் தம் மக்களையும் அதில் வைத்துச் சொன்னார்கள். பிறர் பிள்ளைகளைக் குறித்து முடிவெடுக்க வேண்டி வந்தபோது அம்ரு (ரலி) மலையைக் காட்டினார்கள்.

இமாமின் நேர்மைக்கு இன்னொரு சான்று. 833இல் நோய் நீங்க வேண்டி மூன்று நாள் நோன்பு நோற்கச் செய்து, மழைத் தொழுகைக்குப் போல மக்களைப் பாலைவெளியில் திரட்டிப் பிரார்த்தித்தனர். அதற்கு முன் நாளொன்றுக்கு 40க்கும் குறைவாக இருந்த மரணம், அம்மாதம் முடிவதற்குள் 1000ஐக் கடந்தது என்று எழுதிவைத்து, இவ்வாறு திரளுவதற்கு முன்மாதிரி இல்லை என்கிறார். பக்திமான்கள் மனம் புண்படுமே என்று எண்ணிக்கையை விழுங்கிவிடவில்லை.

குறையும் உண்டு. காற்று கெடுவதால் தாஊன் வருகிறது என்ற மருத்துவர் கூற்றை, நல்ல காற்றுள்ள ஊரிலும் வருகிறதே, ஒரே வீட்டில் ஒருவரைத் தாக்கி மற்றவரை விடுகிறதே என்று மறுத்தது கூர்மையான நோக்குதான். ஆனால் அத்துடன் நில்லாமல், நோய் ஜின்களின் குத்தல் என்பதை நிலைநாட்டப் பல பக்கங்களைச் செலவிடுகிறார். 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த பின்னர் அப்பக்கங்களைப் படிப்பவர் விரைந்து புரட்டுவர்.

2020இல் கொரோனா பரவியபோது அரபு நாடுகளில் பலரும் இந்நூலைத் தேடி எடுத்துப் பேசினர். எந்தக் கொள்ளைநோயும் தாஊன் ஆகிவிடாது என்று இதே நூல் வகுத்துக் காட்டியிருப்பதைச் சிலர் மறந்தனர். நம் ஊர்களிலும் ரஹ்மத்து என்ற சொல் தாராளமாக ஒலித்தது. ஆனால் உற்றாரே நெருங்க அஞ்சிய மையித்துகளை, உடல் முழுதும் உறையணிந்த நம் இளைஞர்கள், எச்சமயத்தவர் என்று பாராமல் ஏந்திச் சென்று அடக்கியதைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சொல்லை வேறோரிடத்தில் தேட வேண்டியிருக்கவில்லை.

இங்கே ‘ஃபத்ஹுல் பாரீ’யை ஒருமுறை புரட்ட வேண்டும். ஜனாஸா பாடத்தில், உஸாமா இப்னு ஸைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் வருகிறது. தம் குழந்தை இறக்கும் தறுவாயில் இருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகளார் ஆளனுப்புகிறார். பெருமானார் பொறுமையைப் போதிக்கும் சொற்களை ஸலாமோடு சொல்லியனுப்புகிறார்கள். மகளாருக்கு அது போதவில்லை. வந்தே ஆகவேண்டும் என்று சத்தியமிட்டு மீண்டும் ஆளனுப்புகிறார். பெருமானார் எழுந்து செல்கிறார்கள். உடன் சென்றவர்களுள் பிற்காலத்தில் அம்வாஸில் மாண்ட முஆதும் (ரலி) ஒருவர். மூச்சு விம்மும் குழந்தையைக் கையில் ஏந்தியதும் பெருமானாரின் கண்கள் பெருகுகின்றன. இதென்ன என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) வியந்து கேட்க, அது அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளங்களில் வைத்த ரஹ்மத்து என்று விடை வருகிறது.

அக்குழந்தை யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு. இப்னு ஹஜர், மகளார் ஸைனப் (ரலி) என்றும் குழந்தை உமாமா என்றும் முடிவு செய்கிறார். உமாமாவோ வளர்ந்து பிற்காலத்தில் அலீ (ரலி) அவர்களை மணந்தவர். இந்தச் சிக்கலை அவர் அவிழ்க்கும் விதம் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை: பெருமானார் இறைவன் கட்டளைக்குப் பணிந்தார்கள், கண்ணீரையும் அடக்கவில்லை, ஆகவே அல்லாஹ் அந்தப் பெண்குழந்தையை அவ்வேளையிலேயே குணப்படுத்திக் கொடுத்தான் என்கிறார். ‘ஃபத்ஹுல் பாரீ’ ஹிஜ்ரி 817இல் தொடங்கி 842இல் முடிந்தது. 819உம் 833உம் அந்த இடைவெளியில் வருகின்றன.