வாக்காளர் பட்டியலுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம்

'மாற்றுக் கல்வி' என்பது சிறுபத்திரிகைச் சூழலுக்குப் பழகிய சொல். பாவ்லோ ஃப்ரெய்ரே வந்தார். பள்ளி என்ற நிறுவனமே கலைக்கப்பட வேண்டும் என்று 1971-இல் எழுதிய இவான் இல்லிச் வந்தார். பள்ளியைக் கருத்தியல் எந்திரமாகப் பார்த்த அல்துஸ்ஸரும் வந்தார். பள்ளிக்குள் போய் வெளியே வந்தவர்களுக்கு இதெல்லாம் வசதியான கோபம்தான். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் அதே சொல் இன்று வேறு வாய்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அரசு சொல்கிறது, தொண்டு நிறுவனம் சொல்கிறது, கொட்டகைக்கு இடம் கொடுத்த சூளை முதலாளியும் சொல்கிறார். அந்தப் பிள்ளையின் தாய் மட்டும்தான் இதுவரை சொல்லவில்லை.

பலாங்கீர், நுவாபாடா போன்ற மேற்கு ஒடிசா மாவட்டங்களிலிருந்து மழைக்காலம் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சர்தார் மூலம் முன்பணம். கணக்கு ஆளுக்கல்ல, 'பத்துரியா' என்கிற கூட்டுக்கு: ஆண், பெண், கூட ஒரு பிள்ளை. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. பச்சைக் கல்லைப் புரட்டிப்போட எடை குறைந்த உடம்பு வேண்டும், மிதித்தாலும் கல் உடையக் கூடாது. அதற்குத்தான் பிள்ளை. ஆக, பள்ளிக்கூடம் பேசப்படுவதற்கு முன்பே, ஒடிசாவில் முன்பணம் கைமாறும் இடத்திலேயே, குழந்தை உழைப்பாக எண்ணப்பட்டாயிற்று. 2011-இல் இம்மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடியாத் தொழிலாளர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள் என்பதையும் இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும்.

2010-களில் சூளையடிப் பள்ளிகள் பரவின. ஒடிசாவின் பாடநூல்களே வந்தன, ஒடியா தெரிந்தவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். இதை நான் கேலி செய்யமாட்டேன். தகரக் கொட்டகையில் ஒரு பிள்ளை தன் எழுத்தைத் தானே வாசிப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் இதற்கு 'மாற்று' என்று பெயர் வைப்பதில்தான் மோசடி இருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநில அரசு மட்டுமல்ல, அதன் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு. 1956-இலேயே சேர்க்கப்பட்டது. கடமையாக இருந்ததைக் கருணையாக்கித் தருவதற்கு 'மாற்று' என்ற சொல் தோதாக இருக்கிறது.

சூளைப் பகுதியைவிட்டு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்தால், இதே விவகாரம் டீக்கடையில் வேறு குரல்களில் கேட்கும். "ஏங்க, நம்ம பஞ்சாயத்து காசுல ஒரிசாக்காரனுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? இன்னிக்குப் பள்ளிக்கூடம்னுவான், நாளைக்கு ஓட்டுன்னுவான்." வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் குறுக்கே வருவார்: "எங்க பசங்களுக்கே தெலுங்கு வாத்தியார் கெடைக்கல, அவனுக்கு மட்டும் ஒடியாவாண்ணே?" இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் கடைசியில் பேசுவார்: "எங்கட பிள்ளையள் தமிழிலதான் படிச்சதுகள். ஆனா ஓட்டு எண்டு ஒண்டு எங்களுக்கு இன்னும் இல்லை, தம்பி."

மூன்று பேர் பேசுவதும் ஒரே பட்டியலைப் பற்றித்தான். இந்த வட்டாரத்தில் மொழி ஒரு காலத்தில் நிலமாக எண்ணப்பட்டது. படாஸ்கர் தீர்ப்பு கிராமத்தை அலகாகக் கொண்டு, எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்த்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு வட்டாரம் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைக் கொண்டாடும் நாம், கோட்டுக்கு இப்பால் தங்கிவிட்ட தெலுங்குக் குடும்பத்தைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. 2006-இன் தமிழ் கற்கும் சட்டம் வந்தபோது அவர்கள் முறையிட முடிந்தது, காரணம் அவர்களிடம் ஓட்டு இருந்தது. முகாம்காரரிடம் தமிழ் இருக்கிறது, ஓட்டு இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தமும் அவரைத் தொடவில்லை. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பலகை 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பலகை மாறினால் பட்டியல் மாறாது. சூளைக்காரரிடம் இங்கே இரண்டுமே இல்லை.

கிராம சபை நேரடி ஜனநாயகம் என்று சொல்லி நம்மில் பலர் புல்லரித்துப் போகிறோம். சட்டப்படி கிராம சபை என்றால் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள், அவ்வளவே. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கூட்டம். அதில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1 மூன்றும் சூளைப் பருவத்துக்குள்ளேயே விழுகின்றன. ஊரின் வீடுகளுக்குக் கல் அறுப்பவர் அந்த மூன்று நாளும் ஊருக்குள்தான் இருக்கிறார். கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதா வேண்டாமா என்று அவரை வைத்துக்கொண்டே பேச முடியும், அவர்தான் பேச முடியாது. பண்பாட்டு உள்ளடக்கம் என்று கருத்தரங்குகளில் நாம் விரித்துப் பேசுவது இங்கே ஒரு பெயர்ப்பதிவேட்டில் முட்டி நிற்கிறது.

ஒரே ஒரு சந்து உண்டு. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அங்கே கேட்பது ஓட்டல்ல, பிள்ளை. ஆனால் அந்தக் குழு பள்ளிக்குத்தான் உண்டு, கொட்டகைக்குக் கிடையாது. கொட்டகையில் உட்காரவைத்த கணத்திலேயே தாயின் பேச்சுரிமையும் பறிபோகிறது. 'நம்ம பள்ளியில சேர்த்துத் தமிழ் கத்துக்கொடுங்க' என்கிற தமிழ்ப் பற்றாளரும், 'அவங்க மொழியில தனியா வைங்க' என்கிற தொண்டு நிறுவனமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள். இருவருக்கும் அவளைக் கேட்கத் தேவைப்படவில்லை. அரசுப் பள்ளியின் பதிவேட்டில் பெயர், அதே பள்ளிக்குள் ஒடியா வகுப்பு, குழுவில் சூளைத் தாய்க்கு இடம், ஒடிசாப் பள்ளி மறுப்பின்றி ஏற்கும் மாற்றுச் சான்றிதழ்: நம் இயக்கங்கள் கேட்க வேண்டியது இதை.

ஜூன் மாதம் தமிழ்நாட்டுப் பள்ளிகள் திறக்கும். அதே ஜூனில் சூளை அணையும், சர்தார் கணக்கு முடிப்பார், பிள்ளைகள் ரயிலேறுவார்கள்.