கொட்டகைக்குள் யார் வருகிறார்?

போரில் மகனைப் பறிகொடுத்த ஒருவர் ஒரு பண்ணைக் கொட்டகையைப் பார்க்கிறார். அவர் கண்ணில் படுகிறபடி அந்தக் கொட்டகையை எழுத வேண்டும். மகன், போர், சாவு மூன்றும் வரக் கூடாது; பார்ப்பவரைப் பற்றியும் பேச்சு கூடாது. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கார்ட்னர் ‘தி ஆர்ட் ஆஃப் ஃபிக்‌ஷன்’ நூலில் தந்த பயிற்சி இது. 1982இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் இறந்த பிறகே அந்நூல் வெளிவந்தது. அதே கொட்டகையை, அதே பொழுதில், காதலில் திளைப்பவன் பார்ப்பதாகவும் எழுதச் சொல்கிறார். அங்கே காதலைக் குறிப்பிடத் தடை.

பயிற்சியின் பலம் இந்த ஜோடியில்தான். ‘துக்கம் தொண்டையை அடைத்தது’ என்று எழுதித் தப்பிக்க முடியாது. உத்தரத்தில் தொங்கும் கயிறு இரண்டு பத்திகளிலும் இருக்கலாம். ஒன்றில் அது காற்றில் ஆடும். மற்றதில் யாரும் அவிழ்க்காத முடிச்சு மட்டும் தெரியும். எதில் கண் நிலைக்கிறது, எந்த வினைச்சொல் பொருந்துகிறது என்று வரிக்கு வரி முடிவெடுத்தாக வேண்டும். உவமைகளை அடுக்கும் புது எழுத்தாளருக்கு இதைவிடக் கறாரான பாடம் அரிது.

ஆனால் வகுப்பில் எல்லோருக்கும் கேள்வி தெரியும், வாசகருக்குத் தெரியாது. கேள்வியை மறைத்துப் படித்தால் பல பத்திகளில் மிஞ்சுவது இருண்ட கொட்டகைதான். மகன் போனானா, கடன் முற்றியதா?

இதைவிடப் பெரிய சிக்கல், மறைப்பதே ருசியாகிவிடுவது. கார்ட்னரிடம் படித்த ரேமண்ட் கார்வரின் கதையொன்று இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. பிறந்த நாளில் கார் மோதிய சிறுவன் மருத்துவமனையில் கிடக்கிறான். பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் வெட்டிச் சுருக்கிய ‘தி பாத்’ 1981இல் வந்தது. தொலைபேசிக் குரல் பையனின் பெயரைச் சொல்வதோடு அது நின்றுவிடுகிறது, பிழைத்தானா, தெரியாது. 1983இல் ‘கதீட்ரல்’ தொகுப்பில் இடம்பெற்ற ‘எ ஸ்மால், குட் திங்’ வடிவத்தில் பையன் இறக்கிறான். பிறந்த நாள் கேக் செய்த ரொட்டிக்கடைக்காரரிடம் தாய் அதை வாய்விட்டே சொல்கிறாள். அவர் பெற்றோரை உட்காரவைத்து, சுடச்சுட ரொட்டி தருகிறார். வெட்டியது லிஷ், பழி கார்ட்னருக்கு இல்லை. ஆனால் கதை எழுந்து நிற்பது சாவைப் பெயர் சொல்லிப் பேசிய வடிவத்தில்தான்.

ஆகவே மூன்றாவதாக ஒரு பத்தியையும் எழுதிப் பார்க்கலாம். அண்டைப் பண்ணைக்காரர் கொட்டகைக்குள் வருகிறார். தந்தை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்றில் கடினமானது இதுதான். முதல் இரண்டுக்கும் ஒருவருடைய கண் போதும். இங்கே எதிரே நிற்பவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் எழுதுபவர் கண்டுபிடிக்க வேண்டும்.